இடம் மாறிய வயர்

மின்சாரம் பாய்ந்தால் தானே இழுத்துக்கொள்ளும் சுவிட்சுதான் ரிலே என்று புத்தகத்தில் போட்டிருந்தது. லூர்து கோபித்துக்கொண்டு தையல் மிஷினோடு அம்மா வீட்டுக்குப் போனதில் காலியான ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, அவள் கணவன் சவரிமுத்து ரிலேயோடு பேட்டரியையும் ஒரு பல்பையும் இணைத்தான். ஒரு வயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டான். ரிலே இழுத்ததும் தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொண்டது. துண்டித்ததும் பழைய இடத்துக்கே திரும்பி மறுபடி இழுத்தது. பல்பு எரியவில்லை. டகடகவென்ற சத்தம் மட்டும் விடாமல் ஓடியது.

பக்கத்து வீட்டுக் கமலி ரவிக்கைத் துணியோடு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, அக்கா வந்துட்டாங்களா? மிஷின் சத்தம் கேட்டுச்சு.”

மாற்ற வேண்டிய வயர் எதுவென்று அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அதைத் தொடவில்லை.

“துணிய வச்சிட்டுப் போம்மா,” என்றான்.