எட்டு லிட்டர் உப்புத் தண்ணீர்

இருநூற்று எண்பது கிராம் உப்பு. தராசு ஒரு கிராம் குறைவாகக் காட்டியது. ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். இப்போது ஒன்று கூடிவிட்டது.

எடுத்தாள். போட்டாள். எடுத்தாள்.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்றால் எட்டு லிட்டருக்கு எவ்வளவு? பள்ளிக்கூடப் பிள்ளை மனக்கணக்காகச் சொல்லிவிடும். அவள் காகிதத்தில் மூன்று முறை பெருக்கிப் பார்த்திருந்தாள். தன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எட்டு லிட்டர் தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் உப்பைக் கொட்டக்கூடாது. அவள் போகிற மாலை நேர வேதியியல் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். உப்பும் இடம் பிடிக்கும். குறைந்த தண்ணீரில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வாளியில் அவளே கோடு போட்டிருந்தாள். முழங்காலை ஊன்றி, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு, டம்ளரைச் சாய்த்தாள்.

வகுப்பில் இந்த வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் ஊற்றுவார், இன்னொருவர் குனிந்து பார்த்து ‘போதும்’ என்பார். இங்கே ஊற்றுவதும் அவள்தான், போதும் என்பதும் அவள்தான்.

கூடத்து மூலையில் மீன்தொட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

தொட்டி அண்ணனுடையது. கப்பல் வேலைக்குப் போகும்போது வீட்டையும் தொட்டியையும் அவள் பொறுப்பில் விட்டுப் போனான். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டியைப் பற்றிச் சொல்லி மாளவில்லை.

ஞாயிறு மாலையானால் ஃபோன் வரும். “என்ன வாலு, அவன் சாப்பிட்டானா?” என்பான். அவன் என்றால் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த ஒற்றை மீன்.

சாப்பிட்டான் என்பாள். தண்ணீர் மாற்றியாச்சா? உப்பு எவ்வளவு? ராத்திரி விளக்கை அணைக்கிறாயா? கேள்விகள் தீர்ந்ததும் வைத்துவிடுவான்.

வாரம் முழுக்க அவளைத் தேடி வருகிற ஃபோன் அது ஒன்றுதான். அதுவும் மீனைத் தேடி வருவது. அவன் கேட்கும்போது சரியான எண்ணைச் சொல்ல வேண்டும் என்றுதான் வகுப்பிலேயே சேர்ந்தாள்.

அங்கே அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு நாள்.

“சார், மீன்தொட்டியில தண்ணி வத்திப்போனா, திரும்ப உப்புத் தண்ணியே ஊத்தலாமா?”

“வத்துறது தண்ணி மட்டும்தாம்மா. உப்பு அங்கேயேதான் உக்காந்திருக்கும். நீ ஊத்த ஊத்த ஏறிக்கிட்டே போகும். கடைசியில கருவாடுதான்!”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

தண்ணீர் கோட்டைத் தொட்டது. போதும் என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

இன்றைக்குக் குரல் மட்டுமல்ல, முகமும் வந்தது. கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம், சிக்னல் பிரமாதமாம். அண்ணன் கறுத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

“வாலு, அவனைக் கொஞ்சம் காட்டேன். கண்ணுலயே நிக்கிறான்.”

சார்ஜ் இல்லை என்றிருக்கலாம். தூங்குகிறான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவள் எழுந்து போய் ஃபோனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தாள்.

வெள்ளை மணல். ஒரு பாறை. அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. அவற்றைத் தவிர உள்ளே அசைவது எதுவும் இல்லை. மாதக்கணக்காகவே இல்லை.

சிக்னல் போய்விட்டதோ என்று திரையைத் தன் பக்கம் திருப்பினாள். போகவில்லை. அவன் அங்கேயேதான் இருந்தான்.

“தண்ணி நல்லா தெளிவா இருக்கு” என்றான்.

பிறகு கேட்டான்.

“நீ சாப்பிட்டியா?”