தள்ளு

அன்று காலையும் ஒருவர் எங்கள் துணிக்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டே நின்றார்.

கதவு அசையவில்லை. வெளியே ‘தள்ளு’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. ஆனால் அது இழுத்தால்தான் திறக்கும்.

கம்பம் ஊரில் கடை திறந்த அன்று, அவசரத்தில் என் கணவர் ஷானவாஸ் இரண்டு ஸ்டிக்கர்களையும் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார். நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்.கே.ஜி. படிக்கும் எங்கள் மகள் அப்ரினுக்கு அவர் எதிர்ச்சொல் கற்றுக்கொடுத்தது அந்தக் கதவை வைத்துத்தான். கல்லா மேசைமேல் அவளை உட்காரவைத்திருப்பார். யாராவது தள்ளினால் அவள் உள்ளிருந்தே கத்துவாள்.

“எதிர்ச்சொல்லு.”

அன்று வந்தவரும் விழித்தார். பிறகு இழுத்தார். அப்ரின் கைதட்டினாள்.

“தள்ளுனா புது ஆளு, இழுத்தா நம்ம ஆளு. பாத்துக்கம்மா,” என்றார் ஷானவாஸ் அவளிடம், வழக்கம்போல.

மதியம் துணி மூட்டையோடு குமுளிக்கு பைக்கில் கிளம்பினார். மலைப்பாதையில் ஒரு வளைவை அவர் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு அப்ரின் சாப்பிட்டாள், விளையாடினாள், சண்டை போட்டாள். எதிர்ச்சொல் மட்டும் சொல்லவில்லை. வகுப்பில் ‘பகல்’ என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள் என்று மிஸ் சொல்லி அனுப்பினார்.

கணவரை இழந்தவள் துக்கம் காக்கும் இத்தா நாட்களில் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவளை மடியில் வைத்து, ‘இனிப்பு’ என்று சொல்லி எதிர்ச்சொல் கேட்டுப் பார்த்தேன்.

‘சாக்லேட்’ என்றாள், வேண்டுமென்றே.

கடையைக் கொழுந்தன் ரஃபி பார்த்துக்கொண்டார். பள்ளி விட்டதும் அவளையும் அங்கே கூட்டிப்போவார்.

“ஆளுக தள்ளிக்கிட்டே நிக்கிறாக மதினி. பிள்ள பாத்துக்கிட்டே இருக்கு, வாயத் தொறக்க மாட்டேங்குது. ஸ்டிக்கர மாத்திருவமா?”

நானே வந்து மாற்றுகிறேன் என்றேன்.

இத்தா முடிந்து கடைக்குப் போன அன்று என் பையில் ஒரு பிளேடும் புது ஸ்டிக்கர்களும் இருந்தன.

படியேறினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி தெரிந்தது. காலியாக இருந்தது.

அதையே பார்த்தபடி கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

மேசைமேல் இருந்த அப்ரின் என்னையே பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எதிர்ச்சொல்லும்மா. நீ என்ன புது ஆளா?”

ரஃபி துணி மடிப்பதை நிறுத்தினார்.

இழுத்தேன். திறந்தது. அவள் கைதட்டினாள், தன் அத்தா ஷானவாஸின் சிரிப்போடு.

பிளேடை ரஃபியிடம் கொடுத்தேன். சரக்குப் பெட்டி பிரிக்க ஆகும்.

கதவில் இன்னும் ‘தள்ளு’ என்றுதான் இருக்கிறது.