நடுக்கடலில் நிற்கும் விமானம்

பட்டினப்பாக்கம் மீன் கடைகளின் மேல் வெயில் உச்சிக்கு ஏறுகிறது. தார்ப்பாயின் நீலம் பலகையிலும் மீனிலும் லூர்துமேரியின் முகத்திலும் வழிகிறது. அவள் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறாள். பக்கத்தில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் மகள் ஜான்சியின் கண் செல்போனை விட்டு அசையவில்லை. சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போகிற அவள் தம்பி அஜித்குமார், விமானம் போகும் வழியைக் காட்டும் அந்தத் திரையில் ஒரு மஞ்சள் விமானமாக வங்கக் கடலுக்கு மேல் இருக்கிறான். “மூவாயிரம் கிலோமீட்டரும்மா, நாலு மணி நேரத்துல...” என்று காலையில் அவள் ஆரம்பித்தபோதே அம்மா அதட்டிவிட்டாள். “வாய மூடுடி. கடல் மேல போய்க்கினு கீறவனுக்கு நேரம் குறிக்காத.” அப்பா லாசர் படகேறும் நாட்களிலும் எப்போது திரும்புவார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கடலின் காதில் விழுந்துவிடும். இப்போது மஞ்சள் விமானம் நகரவில்லை. ஜான்சி திரையைக் கீழே இழுத்து விடுகிறாள், அதே இடம். மறுபடியும் இழுக்கிறாள், அதே இடம். நடுக்கடலில் சிக்னல் எட்டாது, படம்தான் நின்றிருக்கும். தெரிந்தும் மூன்றாம் முறை இழுக்கிறாள். “இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” “ஒண்ணுமில்லம்மா.” கத்தி பாதி மீனில் நிற்கிறது. செதில் ஒட்டிய கையால் அம்மா போனைத் தன் பக்கம் திருப்புகிறாள். திரை முழுக்க நீலம், நடுவில் அசையாத ஒரு புள்ளி. மீன் வாங்க வந்தவர் பையை நீட்டியபடி நிற்கிறார். சாலைக்கு அப்பால் அலை விழும் சத்தம் கேட்கிறது. அம்மா குனிந்து, ஜான்சியின் காதோடு காதாகக் கேட்கிறாள்:

“எத்தினி மணிக்குடி எறங்குவான்?”