ஒரே ஒரு கோடு

கறார் பேராசிரியரின் பாடத்திலிருந்து விலகும் படிவத்தை, அவள் கண் கலங்கியபடி துறை எழுத்தரிடம் நீட்டினாள்.

"இருபது பக்கக் கட்டுரைண்ணா. ஒரு பக்கம் விடாம சிவப்பு மையால உரிச்சுத் தொங்கவிட்டிருக்கார்."

கூடப் படிப்பவன் சிரித்தான். "எனக்கு ரெண்டாம் பக்கத்துல ஒரே ஒரு கோடு. தங்கமான மனுஷர்!"

எழுத்தர் இரண்டு கட்டுரைகளையும் வாங்கிப் புரட்டினார்.

"பன்னிரண்டு வருஷமா அவர் திருத்துறதைப் பார்க்கறேன்மா. இது தேறாதுன்னு எந்த இடத்துல தோணுதோ, அங்கேயே கோடு போட்டு மூடி வச்சிடுவார். உன்னோடதைக் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கார்."

அவள் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்போ என்னோட மீதிப் பதினெட்டுப் பக்கம்?" என்றான் அவன்.

"அதை நீ மட்டும்தான் படிச்சிருக்கே, தம்பி."