சாய்ந்த குறி

அஸ்ஃபியா கை கழுவப் போன சமயம் பார்த்து, அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள் கலைப்பிரியா. திரையில் அந்த ஸ்கிரிப்ட் திறந்தே கிடந்தது.

திண்டிவனம் ஸ்கேன் சென்டரில் கலைப்பிரியாவுக்கு இது ஏழாவது வருடம். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில். பிள்ளை எழுவதற்குள் கிளம்பி, தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவள். விழுப்புரம் தலைமை அலுவலகத்தில் ஓர் இடம் காலி என்றதும் மயிலம் முருகனுக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள்.

காலையில் மேனேஜர் நடராசன் என்னடாவென்றால் போன மாதம்தான் வந்த கோட்டக்குப்பத்துப் பெண் அஸ்ஃபியாவிடம் போய் நின்றார்.

"நீ காட்டின ஸ்கிரிப்ட் பிரமாதம்மா. ஹெட் ஆபீஸ்காரங்க பாக்கறதுக்கு வந்துக்கினு இருக்காங்க. நல்லா ஓடிச்சின்னா விழுப்புரம் போஸ்டிங் உறுதி!"

அஸ்ஃபியா கலைப்பிரியாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கலைப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றன்றைய ஸ்கேன் படங்களை அந்தத் தேதியின் பெயரில் ஃபோல்டர் போட்டுச் சேர்க்கிற கட்டளைத் தொகுப்புதான் அந்த ஸ்கிரிப்ட். 'டேட்' என்ற கட்டளையை இரண்டு சாய்ந்த குறிகளுக்கு (`) நடுவே எழுதினால், கம்ப்யூட்டர் அந்தக் கட்டளையை ஓட்டி, அதே இடத்தில் தேதியை வைக்கும். நேரான மேற்கோள் குறிக்குள் எழுதினாலோ, அதை வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

அதே வேலைக்கு அஸ்ஃபியா எப்போதும் டாலரும் அடைப்புக்குறியும் போடுகிறவள். "சாஞ்ச குறி கண்ணுக்கே தெரியலக்கா" என்று கலைப்பிரியா எழுதுவதைப் பார்த்துக் கேலி பேசுவாள். இதில் சாய்ந்த குறிதான் இருந்தது. நல்லதாகப் போயிற்று, மாற்றினாலும் யார் கண்ணிலும் படாது.

இரண்டு குறிகளையும் நேராக்கிச் சேமித்தாள். மற்ற வரிகளில் கண்ணை ஓட்டுவதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாள்.

மத்தியானம் எல்லோர் முன்னாலும் நடராசன் ஸ்கிரிப்டை ஓட்டினார். தேதி வர வேண்டிய இடத்தில், 'டேட்' என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் வந்து உட்கார்ந்தது.

"இன்னாங்க பேஜாரா இருக்குது?" தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுப்பராயலு எழுந்துவிட்டார். "இதை எழுதினவங்களுக்கா போஸ்டிங் குடுக்கச் சொல்றீங்க? நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்."

கலைப்பிரியாவுக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருந்தது.

அஸ்ஃபியாவின் கண்கள் கலங்கிவிட்டன. ஓடிப்போய் சுப்பராயலுவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு வாட்டி ஓட்டிப் பாருங்க சார். கலைப்பிரியா அக்கா எழுதினது தப்பாவே ஆகாது!"