தலைமேல் வைத்த கடிதம்

மன்னரின் கடிதத்தோடு ஸ்பெயினிலிருந்து மணிலாவுக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் கப்பல் வரும்.

"முத்திரையை உடைக்கட்டுங்களா, பிரபு?" என்றார் எழுத்தர் பெனிதோ.

"எதுக்குய்யா? இதுவரைக்கும் படிச்சுப் பாத்தா பதில் சொன்னேன்?" கவர்னர் தோன் லெயாந்த்ரோ கழுத்தில் கடித்த கொசுவை அடித்தார். கடிதத்தை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டு, சபையார் முன் வழக்கம்போல் முழங்கினார்:

"மன்னர் ஆணைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நிறைவேற்ற மாட்டேன்."

கடல் தாண்டி ஆள்பவருக்குச் சட்டமே தந்த சலுகை அது. பெனிதோ பதிவேட்டில் எழுதினார். ஒன்பது பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

மனைவி இனேஸ் உள்ளே வந்தாள். "ஏங்க, ஊருக்கே திரும்பிடறோம்னு மன்னருக்கு எழுதிக் கெஞ்சினீங்களே, பதில் வந்துச்சா?"

கவர்னர் அவசரமாக முத்திரையை உடைத்தார். ஒரே ஒரு வரி இருந்தது.

'உமது விருப்பப்படி உடனே நாடு திரும்பவும்.'

"பெனிதோ, பதிவேட்டுல அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு. இது என் உத்தரவு."

பெனிதோ கவர்னரின் கையைப் பிடித்து முத்தமிட்டுத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"உங்க உத்தரவுக்குத் தலைவணங்கறேன், பிரபு. ஆனா நிறைவேத்த மாட்டேன்."