மருமகன் கஞ்சி

மகள் லிஜா ஆஸ்பத்திரியில் கிடக்க, மருமகன் கிளீட்டஸ் கடியப்பட்டணம் கடற்கரையில் மணல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். தூக்கி இறக்கியதும் மூச்சு முட்ட ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடியும் ஓட்டம்.

மாமியார் செசிலிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இந்த நேரத்துல யாருக்குக் காட்ட மக்கா இந்த ஒடம்பு?"

"கொழுப்பு கரையணும் மாமி. எண்ணெ, தேங்கா ஒண்ணும் வேண்டாம். வெறும் கஞ்சி போதும்."

வீட்டுக்கு வந்த மருமகனுக்கு வெறும் கஞ்சி ஊற்றினால் ஊர் சிரிக்காதா? தினமும் அவன் அறியாமல் கெட்டித் தேங்காய்ப்பாலைக் கஞ்சியில் கலந்தே கொடுத்தாள். துக்கத்தில் நாக்கு செத்திருந்தவன் கண்டுபிடிக்கவில்லை.

இன்று ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவன், அடுக்களை வாசலில் சரிந்து உட்கார்ந்தான்.

"இவ்வளவு ஓடியும் எனக்க ஈரல்ல கொழுப்பு கொறயல்ல மாமி. கொறஞ்சாத்தான் வெட்டி லிஜாவுக்கு வைக்க முடியுமாம். அவளுக்கு இனி நாளு இல்ல."

"உனக்க ஈரலையா?"

"தெரிஞ்சா அவ சம்மதிக்க மாட்டா. அதான் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல."

செசிலி முதுகுக்குப் பின்னால் மறைத்த கையிலிருந்து தேங்காய்ப்பால் சொட்டிக்கொண்டிருந்தது.